பத்துப் பாத்திரம்

என் அக்கா ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தவள். அத்தனை வருஷமும் அவள் மூஞ்சிக்கு நேரே ஒரு சுவர். மழை பெய்ததா என்பதை உள்ளே வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். நான் ஓர் ஆபீசில் கட்டடப் படம் வரைகிறவள்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வண்டிகளே வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள், எல்லாரும் நடைதான். அங்கே ஊர்ப் பொதுவில் ஒரு சமையல் பள்ளிக்கூடம் கட்டுவதென்று முடிவாகி, படம் எங்களிடம் வந்தது. பாத்திரம் கழுவும் வேலை அக்காவுக்கு என்றும் உறுதியானது.

"எனக்கு வேற எதுவும் வேணாம்டி. நிக்கிற எடத்துலேர்ந்து வெளிய தெரியணும். அவ்வளவுதான்."

"தங்கச்சி கையில பென்சில் இருக்கு, கவலைய விடுக்கா" என்று வாய்ச்சவடால் விட்டேன்.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் நன்றாகச் சாப்பிடத் தெரிந்தவர்கள். ஒரு டம்ளர் கழுவியவர் கிடையாது. தலைவருக்குத் தெருவைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் வேண்டும். போகிறவர் வருகிறவர் நின்று சமையலைப் பார்க்க வேண்டுமாம். வண்டியே வராத தெருவில் காய்கறி மூட்டை எப்படி வரும் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா." எதைக் கேட்டாலும் அப்புறம்தான்.

பின்பக்கம் ஜன்னலோரமாக நீள இடம் விட்டு, 'பத்துப் பாத்திரம் கழுவ' என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு காலை உடைத்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால் சுவர் எழும்பி நிற்கிறது. ஜன்னலைக் காணோம். மூலையில் மூஞ்சி கழுவுகிற அளவில் ஒரு தொட்டி. மீதி இடமெல்லாம் கமிட்டி அறை.

"என்ன தம்பி இது?" என்று புது இன்ஜினியரைக் கேட்டேன்.

"பத்துப் பாத்திரம்னுதானே மேடம் எழுதியிருந்தீங்க? இதுல பன்னெண்டே கழுவலாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். பத்து என்பது எண்ணிக்கை இல்லையப்பா, சாப்பிட்ட பாத்திரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறதே, அந்தப் பத்து என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான். அறுபது பேர் சமைக்கிற இடத்தில் பத்தே பாத்திரமா என்றாவது தோன்ற வேண்டாமா? இவனையெல்லாம் யார் பாஸ் போட்டது?

கமிட்டிக் கூட்டத்தில் கத்தியே விட்டேன். "சமைக்கிறத ஊருக்கே காட்டுவீங்க, கழுவுறதுன்னா மூலையா? கமிட்டி ரூமைக் குடுங்க. இல்லன்னா கண்ணாடிச் சுவர்ல பாதியக் குடுங்க." தலைவருக்கு அறையை விட மனமில்லை. கண்ணாடியில் பாதியைக் கொடுத்தார்.

பள்ளி திறந்த மறுநாள் போனேன். குனியாமல் நின்று கழுவ உயரமான நீளத் தொட்டி, எதிரே தெரு முழுக்க வெளிச்சம். இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கண்ணாடி நெடுகக் கயிறு கட்டி அக்கா பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள்.

"இதுக்கா அக்கா நான் ஏழு பேரோட மல்லுக்கு நின்னேன்?"

"போறவன் வர்றவனெல்லாம் நின்னு என்னையே பாக்குறான். ஒருத்தன் போட்டோ வேற எடுக்குறான். எனக்கு வெளிய தெரியணும்னு கேட்டேன்டி. நான் வெளிய தெரியணும்னா கேட்டேன்?"

பத்தைத் தப்பாகப் படித்தவனை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! நான் படித்த லட்சணம் இது.

மறுநாள் கண்ணாடியில் ஒட்டி மறைக்கிற மங்கல் தாள் வாங்கிக்கொண்டு போனேன். அவளைத் தொட்டி முன்னால் நிற்கவைத்து, கழுத்து வரைக்குமா, மூக்கு வரைக்குமா என்று கேட்டுக் கேட்டு ஒட்டினேன்.

"மூக்கு வரைக்கும். போதும், நிறுத்து" என்றாள். பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஏய், தூறுதுடி" என்றாள். நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.