நிற்காத லாரியை வரைகிறவர்

முன்னால் நிற்கும் லாரியின் பிரேக் விளக்கு அணைவதற்குள் அதன் பின்கதவுக் கீல்களை வரைந்து முடித்துவிட வேண்டும். இனிகோ நாக்கைக் கடித்துக்கொண்டு குனிகிறார். ஸ்டியரிங்கின் மேல் ஒரு பரீட்சை அட்டை, அதில் கவ்விய வெள்ளைத்தாள், காதிடுக்கில் இன்னொரு பென்சில். துறைமுக வாசலுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். நிற்கிற அந்தச் சிறு நேரம்தான் அவருடைய ஓவியப் பள்ளி. இரண்டு கீல் முடிவதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது. பின்வண்டி ஓட்டுநர் ஞானையாவின் ஹாரன் அலறுகிறது.

"ஏலே இனிகோ! வரைஞ்சது போதும், வண்டிய எடுலே! கப்பல் கொழும்புக்குப் போயிட்டுத் திரும்பி வந்துரும்!"

"வந்தா வரட்டும் அண்ணாச்சி! இந்தக் கதவ முடிச்சிருதேன்!"

அந்த ஹாரன் சத்தத்துக்கு உப்பளத்துப் பூநாரைகள் ஒற்றைக் காலை மாற்றி மறுகாலில் நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். இப்போது ஊரே நம்புகிறது, நான் என்ன செய்ய.

இனிகோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சன்னலில் கிடந்து வெயில் குடித்த வலது கை இடது கையைவிடக் கறுப்பு. இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் தோணியில் கால் வைத்தாலே குமட்டும். முதல் நாள் இவர் எடுத்த வாந்தியில் அந்தப் பக்கத்து மீன்களெல்லாம் மூன்று மாதம் பசியில்லாமல் கிடந்தன என்பார் மூத்த அண்ணன். உண்மையில் அவர் சொன்னது ஆறு மாதம். நான்தான் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

ஏன் வரைகிறார்? கேட்டால் சண்டைக்கு வருவார். "நான் பீடி குடிச்சப்ப எவனாவது ஏன்னு கேட்டானா? இப்ப பென்சில் பிடிச்சா மட்டும் ஏன்னு கேக்கான்!" பீடியை விட்ட நாளில் விரலுக்கு வேலையில்லாமல் போய்த் தொடங்கியது என்பது மனைவி பிளாரன்ஸ் சொன்னது.

வாத்தியார் கைபேசியில்தான். வீடியோவில் ஒரு தம்பி வட்டம் போடச் சொல்லித் தருகிறான். எல்லாம் நல்லபடியாகப் போகும், கடைசியில் அவன் "தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லும்வரை. உடனே இனிகோ கைபேசியிடம் மல்லுக்கு நிற்பார். "ஒரு மணி நேரமா? நீ ஹார்பர் வரிசைல வண்டி போட்டுப் பாரு, தெரியும்." வீட்டில் வரையலாமே என்றால், வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். கன்னத்தில் பென்சில் கோட்டோடு எழுந்திருப்பார்.

அவர் படங்களில் ஒரு கோளாறு உண்டு. வரைகிற ஜோரில் வண்டியை நகர்த்தப் பிந்துவார். கிடைத்த இடைவெளியில் வேறு எவனாவது தன் லாரியைச் செருகிவிடுவான். இனிகோ விட்ட இடத்திலிருந்து, இப்போது கண்முன் நிற்பதை வரைவார். மேல் பாதியில் கண்டெய்னர் கதவு, கீழ்ப் பாதியில் உப்பு லாரியின் தொங்கும் தார்ப்பாய்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு முதுகா? இது எந்தக் கம்பெனிங்க?" என்றார் பிளாரன்ஸ்.

"தப்புத்தாம்ளா. நான் இல்லன்னு சொன்னேனா? ஒரு பொருள முழுசாப் பாக்க எவன் விடுதான்?"

இப்படி இருக்கையில், மாதா கோயில் திருவிழாவையொட்டி ஞாயிறு பிற்பகல் பங்கு மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி என்று ஒலிபெருக்கி அறிவித்தது. இனிகோவின் காதில் விழுந்தது கடைசிச் சொற்கள் மட்டுமே: இரண்டு மணி நேரம். நேராக ஓவிய ஆசிரியை ஜீவமணியிடம் போனார்.

"பேர எழுதிக்கிடுங்க டீச்சர். இனிகோ."

"பையன் எத்தனாங் கிளாஸ் அண்ணே?"

"பையன் துபாய்ல இருக்கான். இது நான்."

"ஐயோ, இது பிள்ளைங்களுக்குள்ள போட்டில்லா!"

"நான் பென்சில் பிடிச்சு இன்னும் ஒரு வருசம் ஆகல. ஒண்ணாங் கிளாஸோட உக்கார வைங்க."

"பரிசு கிடையாதுண்ணே."

"பரிசு எவனுக்கு வேணும்? ரெண்டு மணி நேரம் ஹாரன் அடிக்காம விட்டாப் போதும்."

ஜீவமணி சிரித்துவிட்டார். கடைசி வரிசையில் உட்காரலாம், மணி அடித்ததும் தாளைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

ஞாயிறு காலையில் முதலாளி அழைத்தார். அவசர லோடு, உடனே வா என்றார். வராவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்றும் சொன்னார். "போட்டுக்கிடுங்க முதலாளி. இன்னைக்கு நான் வரல," என்று இனிகோ கைபேசியை வைத்தார். "வேலை போச்சுன்னா தாளத்தான் திங்கணும்," என்று பிளாரன்ஸ் பொரிந்து தள்ளினார். பொரிந்துகொண்டே பென்சிலைக் கூராகச் சீவிக் கொடுத்தார்.

நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன். விடுவேனா! தலைப்பு 'எங்கள் துறைமுகம்'. பிள்ளைகள் கப்பலும் கிரேனும் சிரிக்கிற சூரியனும் போட்டார்கள். பின்வரிசையில் இனிகோ வெறும் தாளைப் பார்த்தபடி இருந்தார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அதுவே அவருக்குப் பழக்கமில்லை போல, கை ஓடவில்லை. பிறகு இடது செருப்பைக் கழற்றினார். காலை முன்னால் நீட்டினார். அதைப் பார்த்து வரையத் தொடங்கினார்.

"என்னண்ணே, துறைமுகம் எங்க?" என்று வந்து நின்றார் ஜீவமணி.

"இந்தக் கால்தான் டீச்சர். நாள் பூரா அங்கன கெடந்து கிளட்ச மிதிக்கி. இன்னைக்குத்தான் சும்மா இருக்கு. ஆட்டாம வச்சிருக்கேன், பேச்சுக் குடுக்காதீங்க."

முதலில் வந்த குதிகால் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அழித்தார். அடுத்தது ஆப்பு மாதிரி வந்தது. அதையும் அழித்தார். அதற்கடுத்த குதிகால் தரையில் உட்கார்ந்தது. வெடிப்புகள் வந்தன, கணுக்கால் எலும்பு வந்தது, சுண்டுவிரலின் காய்ப்பு வந்தது. ஒரு கொசு அந்தக் காலில் விருந்துண்டுவிட்டுப் போயிற்று. கால் அசையவில்லை. இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டைவிரல் மட்டும் பாக்கியிருந்தது.

"மணி அடிச்சாச்சுண்ணே. தாளக் குடுங்க," என்றார் ஜீவமணி, அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று.

இனிகோ நிமிரவில்லை. கண்ணைக் காலிலிருந்து எடுக்காமல், பென்சில் பிடித்த வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, பின்னால் வரும் வண்டியை நிறுத்துகிற ஓட்டுநர் போல, மெதுவாக இரண்டு தரம் அமர்த்திக் காட்டினார். பிறகு அதே கையைக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோனார்.