என் மாமனார் வெளியே வந்த வாசல்

என் மாமனார் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வருத்தம் என்று நாகரிகமாக எழுதுகிறேன்; வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி. பல வருஷமாக அதைச் சுமந்துகொண்டே அவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், வெகு நாள் வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் பென்ஷன் போனதில் அவர் கையும் உண்டு. கை என்றுகூடச் சொல்ல முடியாது. கால்.

அவர் பஸ் கண்டக்டர். பட்டப்பெயர் 'டபுள் விசில்'. வண்டி கிளம்ப இரண்டு தரம் ஊத வேண்டும்; இவர் ஒன்றை ஊதிவிட்டு, ஏறியவரிடம் பேச்சுக் கொடுத்து மற்றதை மறந்துவிடுவார். டிரைவர் கத்துவார். எங்கே இறங்கணும் என்று கேட்டால் போதாது அவருக்கு. ஆஸ்பத்திரி ஸ்டாப் என்று சொன்னால், யாருக்கு, என்ன உடம்புக்கு என்று தெரிந்தால்தான் டிக்கெட் கிழியும். அவர் ஓய்வு பெற்றபோது நான் அதே டிப்போவில் டயர் பிரிவில் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் நிர்வாகம் செலவைக் குறைக்கப் புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனும், மருந்தை இலவசமாக வாங்கித் தரும் ஆஸ்பத்திரி கார்டும் அப்படியே இருக்கும். பின்னால் சேர்ந்த எங்களுக்குப் பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடித்ததைக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்து, போய் வா என்று அனுப்பிவிடுவார்கள். தேர்தல் நெருங்கிய சமயம். மழையானாலும் வெயிலானாலும் போய் ஓட்டுப் போடுகிறவர்கள் வயசானவர்கள்தான் என்பதால், மேலே இருந்தவர்கள் அவர்களைப் பகைக்கத் தயாராக இல்லை. ஓய்வு பெற்றோர் சங்கம் சரி என்றால் திட்டம் வரும். வேண்டாம் என்றால் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.

சங்கக் கூட்டம் டிப்போ கேன்டீனில் நடந்தது. அங்கே ஓட்டெடுக்கும் முறையே தனி. கை தூக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் தூக்குகிற ஆட்கள் இருந்ததால், வாசலில் எண்ணுவார்கள். சரி என்பவர்கள் ஒரு வாசல் வழியாகவும், வேண்டாம் என்பவர்கள் இன்னொரு வாசல் வழியாகவும் வெளியே போக வேண்டும். வாசலுக்கு ஒரு பழைய கண்டக்டர் நின்று தலை எண்ணுவார். நான் டயர் ஷெட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'சரி' வாசலில் முதல் ஆளாக மாமா வந்தார். அவர் பின்னால் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டேன். திட்டம் வந்துவிட்டது.

மனுஷர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அப்படியும் இல்லை. அதனால்தான் போன தேர்தலுக்கு வேட்பாளர் மாமா வீடு தேடி வந்த அன்றைக்கு என் வாய் திறந்துகொண்டது.

வேட்பாளர் கும்பிட்டபடியே, "ஐயா, எங்க ஆட்சி வந்தா உங்க கார்டு மேல ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டோம்" என்றார்.

"சந்தோஷம் தம்பி. அப்போ எங்க கை வைப்பீங்க?" என்றார் மாமா.

"ஐயா?"

"செலவு ஏறிக்கிட்டே போவுதுன்னு நீங்கதானே சொல்றீங்க. எங்கயாவது வைக்கணுமே. இதோ நிக்கிறாரே மாப்பிள்ளை, இவர் பாக்கெட்லயா?"

உள்ளேயிருந்து அத்தை வந்தார். "நீங்க உட்காருங்க தம்பி. இவர் வேலையிலிருந்துதான் ஓய்வு வாங்கினார். வாய்க்கு இன்னும் ஓய்வு குடுக்கல."

வேட்பாளர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "எனக்காகப் பெரிசா பேசுறீங்களே மாமா, அன்னிக்கு எந்த வாசல்ல வந்தீங்க? ஏறினவங்க எல்லாம் படியை அடைச்சு நின்னுக்கிட்டா, கீழ நிக்கிறவன் எப்படி ஏறுவான்?"

அவர் என்னையே பார்த்தார். "இத்தனை வருஷம் இதையா வயித்துல வெச்சிருந்தீங்க? கேட்டிருக்கலாமே மாப்ள. 'வேண்டாம்' வாசல்ல படிக்கட்டு. 'சரி' வாசல்ல சாய்தளம். எனக்கு அப்போ முட்டி வீங்கிக் கிடந்துச்சு."

"உங்க முட்டிக்கு என் பென்ஷனா?"

"என் முட்டி மட்டுமா? பின்னாடி வந்தவங்களைப் பார்த்தீங்கல்ல, பாதிப் பேர் கம்பு ஊனிக்கிட்டு. அதுல எவன் சம்மதிச்சு வந்தான், எவன் படிக்குப் பயந்து வந்தான்னு தெரிஞ்சுக்க எனக்கே ஆசை."

"சரி, அந்தப் பக்கமும் சாய்தளம் இருந்திருந்தா?"

அத்தை சமையலறையில் இதயத்துக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். மாமா குரலைத் தாழ்த்தினார். "அதான் தெரியல மாப்ள. திட்டம் வேண்டாம்னா அப்புறம் எங்க கார்டுல கை வைப்பாங்களோ, இந்த மாத்திரை நின்னுடுமோன்னும் இருந்துச்சு. முட்டி வலிச்சது நல்லதாப் போச்சு, யோசிக்க வேண்டாமேன்னு வந்துட்டேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வயிற்றெரிச்சல் பாதி இறங்கி, அந்த இடத்தில் ஒரு கேள்வி ஏறி உட்கார்ந்துகொண்டது. முட்டி வலிக்காத நாளில் இவர் எந்தப் பக்கம் போவார்?

தேர்தல் முடிந்ததும் அதைத் தெரிந்துகொள்ள வழி பிறந்தது. நிர்வாகம் இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. கார்டு வைத்திருப்பவர்கள் மருந்துச் செலவில் பாதியைத் தாங்களே கொடுக்க வேண்டும். அதில் மிச்சமாவதைக் கொண்டு எங்களுக்கு ஒரு சின்னப் பென்ஷன். மறுபடியும் சங்கம்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் அத்தையின் மாத்திரை, இன்னொரு பக்கம் நான்.

மாமா அப்போது மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களின் வியாதியெல்லாம் அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. வர முடியாதவர்கள் ஓட்டை எழுதி அனுப்பலாம் என்று சங்கத் தலைவர் சொன்னதால், நான் தாளும் பேனாவுமாகப் போனேன்.

அத்தை முந்திக்கொண்டார். "எதுக்கு வேணா போடுங்க. என் மாத்திரையைச் சாக்கா மட்டும் சொல்லாதீங்க."

"சரியா, வேண்டாமா மாமா?" என்றேன்.

அவர் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். நர்ஸ் அதட்டினார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அவசரப்படாதீங்க மாப்ள. கீழ மருந்து வாங்குற வரிசையில நம்ம ஆளுங்க நிப்பாங்க. போய் ஒவ்வொருத்தரா கேளுங்க. பாதிக் காசு யாரால முடியும், யாரால முடியாது, எவன் மாத்திரையை உடைச்சுப் பாதி போட்டுக்குவான்னு கேளுங்க. உட்கார வெச்சுக் கேளுங்க, நிக்க வெச்சுக் கேட்டா எதையாவது சொல்லிட்டு ஓடிடுவான். கேட்டுட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் சொல்றேன், என் ஓட்டு எதுன்னு."