கொமுரய்யா நின்ற பக்கம்

ஈரக் கரியில் நெருப்புப் பிடிக்கும்போது ஒரு வாசனை வரும்... தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா வேலை முடிந்து வாசலுக்கு வருமுன்பே அது வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்போது நாங்கள் தெலுங்கானா பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் இருந்தோம். சுரங்கத்திலிருந்து ரயில்வே யார்டு வரைக்கும் கரி வேகன்களை இழுத்துப் போகும் குட்டி நீராவி இன்ஜினுக்கு அப்பாதான் டிரைவர். நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், கொமுரய்யா. அப்பாவிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். இருவருக்கும் ஒரே டிபன் கேரியர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகி, எங்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு மழை நாள்... பள்ளிக்கூடத்தில் இருந்தேன். விசில் கேட்டது. வழக்கமான விசில் இல்லை. விடாமல், நீளமாக... டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டார்.

நடந்ததை, தண்டவாளத்தோரம் சிந்திய கரியைப் பொறுக்கும் பெண்கள்தான் அம்மாவிடம் வந்து சொன்னார்கள். பாரத்தோடு வண்டி சரிவில் இறங்கும்போது ஈரத்தில் சக்கரம் வழுக்கிவிட்டது. பிரேக் போட்டும் நிற்கவில்லை. பின்னால் இருந்த வேகன்கள் இன்ஜினைத் தள்ளிக்கொண்டே வந்தன. கீழே இந்தப் பெண்கள், கைக்குழந்தைகளோடு.

கொமுரய்யா இன்ஜினிலிருந்து குதித்தார். ஒவ்வொரு வேகனிலும் பக்கவாட்டில் ஒரு கை பிரேக் உண்டு. வண்டியோடு ஓடிக்கொண்டே ஒவ்வொன்றாக அமுக்கினார்.

வண்டி நின்றது. பெண்கள் எல்லோரும் தப்பித்தார்கள்.

கொமுரய்யா கால் இடறிச் சக்கரத்துக்கு அடியில் போயிருந்தார்.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புது ஃபயர்மேன் வந்தார். டிபன் கேரியர் பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தது. பிறகு டீசல் வந்தது. அந்த இன்ஜினை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். நான் படித்து, கல்யாணமாகி, கனடாவில் மொன்றியல் வந்து சேர்ந்தேன்.

போன கோடையில் அப்பா இங்கே வந்திருந்தார். கீழ் வீட்டு சிவா அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைத் தன் காரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கறுப்பாக, துடைத்து வைத்த பாத்திரம் போல ஒரு நீராவி இன்ஜின்.

"ஐயா, மேல ஏறிப் பாக்கலாமாம். வாங்கோ, நான் பிடிக்கிறன்" என்றார் சிவா அண்ணை.

அப்பா ஏறினார். டிரைவர் இடத்துக்குப் போகவில்லை. ஃபயர்மேன் பக்கம் போய் நின்றார். ரொம்ப நேரம்...

என் மகள் கீழேயிருந்து கேட்டாள். "தாத்தா, இந்த மாதிரி டிரெய்னா நீங்க ஓட்டினீங்க?"

"'நீ விசில நிறுத்தாத அண்ணா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு குதிச்சான்மா." அவளைப் பார்க்காமலேதான் சொன்னார். "ஓட்டினது நான். நிறுத்தினது அவன்."

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். சிவா அண்ணை அவர் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது... முடிவே இல்லாமல்.

"இதுல ஃபயர்மேன் எங்க நிப்பான்?" என்றார் அப்பா.

"இப்போ எல்லாம் மெஷின்தான்ப்பா. அந்த வேலையே கிடையாது."

"அப்போ டிரைவர் யாரோட பேசுவான்?"

கடைசி வேகனும் போய், கேட் உயர்ந்தது.

இந்தப் பனிக்காலத்தில் அப்பா ஊரில் இறந்துபோனார். கடைசியாக அவர் முகத்தை வீடியோவில்தான் பார்த்தேன்.

நான் இப்போதும் எங்கள் பகுதியான கோட்-டெ-நெய்ஜிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பக்கத்து சீட்டில் வருஷக்கணக்காக ஒரே மனிதர். ஒரு பொன்ஜூர், ஒரு வணக்கம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது... என் பெயரும் அவருக்குத் தெரியாது.