ஸ்டேட்டஸில் நான் வைத்த படம்

மகளுக்குப் பதினாறு முடிந்த அன்று காலையில், அவளுக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்தேன். எண்ணெய் வழியும் தலையோடு, வாய் நிறைய கேசரியோடு, ஒரு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, ஆவடியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து அவள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். முதல் நாள் வயிற்றுவலி, மறுநாள் தலைவலி. பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது அதை ஒரு விரலால் தூக்கி, இரண்டு வாய் உள்ளே தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். வடக்கே பணியில் இருந்த அவள் அப்பா, "போனைப் புடுங்கி வை, எல்லாம் சரியாயிடும்" என்றார். பிடுங்கினேன். அவள் சண்டைகூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸில் மேல்வீட்டுப் பெண் ஒரு நாள் காலை தண்ணீர்க் குழாயடியில் என்னை நிறுத்தினாள்.

"இன்னாக்கா, பாப்பா ஒரு வாரமா ஸ்கூலுக்கே போவல?"

உடம்பு சரியில்லை என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"தப்பா நெனச்சிக்காதக்கா. எம் பொண்ணு போன்ல இது கீது."

போனை நீட்டிக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு ஸ்டிக்கர். என் மகளின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழே 'பசிக்குது மாமே' என்று எழுதியிருந்தார்கள். அவள் வகுப்பில் தொடங்கி, பள்ளி முழுக்கச் சுற்றி, யாரோ நடத்தும் இன்ஸ்டாகிராம் பக்கம் வரை போயிருந்தது. அவளைப் பார்த்தே இராதவர்கள் அவள் பல்லைப் பற்றியும் கன்னத்தைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். மூடிய அந்தக் கண்ணைப் பார்த்ததும், அது நான் ஸ்டேட்டஸில் வைத்த படம் என்று தெரிந்துவிட்டது.

வேலைக்குப் போயும் ஒன்றும் ஓடாமல், அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அந்தப் படம் நான் வச்சதுடி."

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"மொத நாளே. உன் ஸ்டேட்டஸ்ல பாத்தேனே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் திரும்பவே இல்லை. "சொன்னா நீ அழுவ. அப்புறம் உன்னையும் நான் சமாதானம் பண்ணணும். என்னால முடியாதும்மா."

அவள் சொன்ன பிறகும் நான் அழத்தான் செய்தேன்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்குப் போய்ப் பேசினேன். தலைமையாசிரியை பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார். நான்கைந்து பேர் மன்னிப்புக் கேட்டார்கள். செய்தது யார் என்று மட்டும் தெரியவில்லை. என் ஸ்டேட்டஸைப் பார்த்த யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முகத்திலும் அதையே தேடி அலுத்துப்போனேன்.

சனிக்கிழமைகளில் ரயிலேறி அம்பத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அங்கேதான் தெரிந்தது, போனைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவள் தினமும் அந்தப் பக்கத்துக்குப் போய், பழைய கமெண்டுகளையே மறுபடி மறுபடி படித்துவந்திருக்கிறாள். மருத்துவர் போனைப் பறிக்கச் சொல்லவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் இருவருமே போனை அலமாரியில் வைக்கச் சொன்னார். அவள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். என் கையும் என்னை அறியாமல் அலமாரிப் பக்கம் போகும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனாள். மதிப்பெண் குறைந்தது. அதைப் பற்றிப் பேசும் தெம்பு எங்கள் இருவருக்குமே இல்லை.

இப்போது பூந்தமல்லிப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். சிரிக்கிறாள், தோழிகள் இருக்கிறார்கள். போன வாரம் இருவரும் பஸ்ஸில் போனோம். முன்சீட்டுப் பெண் செல்ஃபி எடுக்கக் கையை உயர்த்தியதும், இவள் சட்டென்று குனிந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எடுத்து முடிச்சிட்டாங்களாம்மா?"

"முடிச்சிட்டாங்க."

நிமிர்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மெட்ரோ வேலைக்காகச் சாலையை மறித்திருந்தார்கள். பஸ் நகரவில்லை.