ஒரு நாளைக்கு இரண்டு பை

அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். தி. நகரில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆரஞ்சு பானம். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பை, மேல் விளிம்பில் இரண்டு மெல்லிய வரிகள். விரலால் அழுத்திக்கொண்டே போனால் வரிகள் ஒன்றில் ஒன்று மாட்டிப் பை மூடிக்கொள்ளும். இழுத்தால் திறக்கும், மறுபடி அழுத்தினால் மறுபடி மூடும். தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு அது புதுசு. பால் பையென்றால் மூலையைக் கத்தரித்ததோடு சரி, உடனே பாத்திரத்தில் ஊற்றியாக வேண்டும். பானத்துக்காக நான் அதை வாங்கவில்லை. மூடித் திறக்கிற வித்தைக்காக வாங்கினேன்.

என் கணவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இதயம் பலவீனமாகிவிட்டது என்று அடையாற்றில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பில் நீர் தங்குகிறது, அதனால் கால் வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது. ஆகையால் காபி, ரசம், மோர், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. இதைச் சொல்லும்போது டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அளவு விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியிலேயே ஆட்டோவை நிறுத்தி ஒரு கண்ணாடி அளவுக்குழாய் வாங்கினேன். காபிக்கும் ரசத்துக்கும் மோருக்கும் மாத்திரைக்கும் போக, தாகத்துக்கென்று மிஞ்சியது நானூறு மில்லி.

நானூறு மில்லி என்பது இரண்டு டம்ளர். எங்கள் வீட்டில் யாரும் உதட்டில் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்துதான். டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டால் மூன்று மடக்கில் முடிந்துவிடும். அவர் காலை பத்து மணிக்கே இரண்டு டம்ளரையும் முடித்துவிட்டு, மிச்ச நாள் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். விடுமுறை நாளில் அந்தப் பார்வையின் கீழ் வீட்டைப் பெருக்கி, சமைத்து, துணி மடிப்பேன். பள்ளிக்கூடம் திறந்தால் தேவலை என்று இருக்கும்.

அப்போதுதான் இந்தப் பை. ஆரஞ்சு பானத்தை நான் குடித்துத் தீர்த்துவிட்டு, பையைக் கழுவி, இருநூறு மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி மூடி அவர் கையில் கொடுத்தேன். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் திறந்து, உதட்டில் வைத்து உறிஞ்ச வேண்டும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியாது, பை தொளதொளவென்று மடிந்து சட்டையை நனைத்துவிடும்.

"எச்சலாச்சேடி இது. குழந்தை மாதிரி வாய் வெச்சுக் குடிக்கச் சொல்றியா?" என்றார்.

"உங்க எச்சலை நீங்கதானே குடிக்கப்போறேள்? ஒரு வாய் குடிங்கோ, மூடுங்கோ, தலகாணிக்குக் கீழ வெச்சுக்கோங்கோ" என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தார். ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு இரண்டாவது பையில் பாதி மீதி இருந்தது. நாக்கை நனைக்கிற அளவுக்கு ஒரு உறிஞ்சல், பிறகு கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு அழுத்தல். அந்த அழுத்தலில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று நினைக்கிறேன். தாகத்தை அவரே மூடுகிறார், நான் இல்லை. எனக்கும் ஒரு எதிரி குறைந்தது.

கடையில் இருந்தவரை மாதம் நாலைந்து பை வாங்கினேன். ஒவ்வொரு பையும் பத்து நாள் உழைக்கும். வெந்நீர் ஊற்றினால் சுருங்கிவிடும் என்பதை ஒரு பையைப் பாழாக்கித் தெரிந்துகொண்டேன். பச்சைத் தண்ணீரில் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பி, பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். கீழே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டில் கைக்குட்டையைக் கூடப் பிளாஸ்டிக்கில் தைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். லாரி வந்தால் நானும் இரண்டு குடத்தோடு இறங்க வேண்டும். கீழே ஒரு குடம் தண்ணீருக்காக என்னைத் தள்ளுவார்கள், மேலே வந்தால் ஒரு வாய்த் தண்ணீருக்காக இவர் கெஞ்சுவார். தண்ணீர் என்ற வார்த்தையே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

பழசானால் வரிகள் தேய்ந்து பை கசியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையணையும் படுக்கை விரிப்பும் நனைந்து கிடந்தன. பையில் ஒரு மடக்குதான் மீதி.

"கசிஞ்சது என் கணக்குல வராது. திருப்பிக் குடு" என்றார்.

"நீங்க குடிச்சுட்டுக் கசிஞ்சுதுன்னா நான் என்ன பண்றது?"

"விரிப்பைத் தொட்டுப் பாருடி. இத்தனை தண்ணியையுமா நான் துப்பியிருப்பேன்?"

நான் தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தது மட்டுமில்லை, விரிப்பை உருவி ஒரு கிண்ணத்துக்கு மேலே பிழிந்தேன். பிழிந்ததை அளவுக்குழாயில் ஊற்றினேன். நாற்பது மில்லி தேறியது. துணியில் நின்றுவிட்டதற்குப் பத்து சேர்த்து ஐம்பது மில்லி புதுத் தண்ணீர் கொடுத்தேன். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டார், கேலிக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாக மூன்று நாள் சேர்ந்தாற்போல் தூங்காதவளுக்கு எதுவும் சிரிப்பாக இருக்காது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வேறொன்றும் வருகிறது.

கசியாத பைக்காக மறுநாள் பள்ளி விட்டதும் தி. நகர் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சரத்தைக் காணோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்.

"அது வாரதில்லக்கா, நிறுத்திட்டாவ. வாய் வச்சுக் குடிச்சத மூடி வச்சு அப்பறமாக் குடிக்க யாருக்குக்கா மனசு வரும்? எல்லாரும் ஒரே மூச்சுல குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டுப் போறாவ. அதுக்கு மூடி என்னத்துக்கு?"

அவர் சொன்னது நியாயம்தான். நாக்கை நனைத்துவிட்டு மீதியை மூடி வைக்கிற வீடு இந்த ஊரில் எங்களுடையது ஒன்றுதான் போலிருக்கிறது. வெறும் ஜிப் கவர் கிடைக்குமா என்று கேட்டேன். பொட்டுப் போட்டு வைக்கிற சைஸில் சின்னதாக ஒன்றைக் காட்டினார். அதன் பிளாஸ்டிக் வெங்காயத் தோல் மாதிரி இருந்தது, தண்ணீர் நிற்காது. அடையாற்றில் இரண்டு கடை, திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை என்று அந்த வாரம் முழுக்க அலைந்தேன். கடைசியில் ஒருவர், ஆதம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் பழைய சரக்கு இருக்கலாம் என்றார். சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன்.

கிடங்கில் லுங்கி கட்டிய ஒருவர் அட்டைப்பெட்டியைக் காலால் நகர்த்திக் காட்டினார். "நாப்பது கீது. ஆனா டேட்டு முடிஞ்சி போச்சும்மா. குடிக்கக் கூடாது."

"குடிக்கறதுக்கு இல்லப்பா. பை மட்டும்தான் வேணும்."

"பை மட்டுமா? உள்ள இருக்கறத இன்னா பண்ணுவ?"

"கொட்டிடுவேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கே என்னைப் பற்றி அப்படித்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பையாகத் திறந்து கொட்டினேன். கட்டில் கூடத்தில் இருந்தது, நடுவில் கதவு கிடையாது. இருநூறு மில்லி பானம் குழாயில் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, என்ன சத்தம் போடுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. பதினைந்தாவது பையோ என்னவோ, கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏண்டி, கொஞ்சம் மெதுவாக் கொட்டேன். சத்தத்தையாவது கேட்டுண்டு இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தொட்டி முழுக்க ஆரஞ்சு வாசனை. கொட்டுவதை நிறுத்தினேன். மீதிப் பைகளைப் பக்கெட்டில் போட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து கொட்டினேன். கடைசிப் பையைக் கொட்டும்போது அழுகை வந்தது. அவருக்காக அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்காகத்தான் அழுதேன். இடுப்பு வலி.

நாற்பது பைகளில் பதினொன்றுதான் செலவாயின. அதற்குள் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. அளவுக்கு மேல் ஒரு சொட்டுக் கூடக் கொடுக்காமலே வீங்கியது. பல் தேய்த்துவிட்டு நெடுநேரம் வாய் கொப்பளிக்கிறாரே, விழுங்குகிறாரோ என்று சந்தேகப்பட்டு, கொப்பளிக்கிற தண்ணீரையும் அளந்து கொடுத்து, துப்பியதையும் அளந்தேன். சரியாக இருந்தது. என் அளவில் தப்பு இல்லை. அளவு சரியாக இருந்தும் ஒரு விஷயம் கெட்டுப்போகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பரிசோதித்துவிட்டு, அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் என்னிடம் சொன்னார். "அம்மா, இனிமே கட்டுப்பாடெல்லாம் வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிண்டு போங்க. அவர் என்ன கேக்கறாரோ அதைக் குடுங்க."

எந்த வீட்டிலும் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். எனக்கும் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. வெளியே வந்தேன். நாற்காலியிலிருந்து நிமிர்ந்து கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அதே அளவுதான்னார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதைக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அது ஒன்று. ஆனால் அது பாதிதான். ஒரு முழு டம்ளர் தண்ணீரை நான் அவர் கையில் கொடுத்தால், முடிந்துவிட்டது என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அளந்துகொண்டிருக்கிற வரைக்கும் வைத்தியம் நடக்கிறது, வைத்தியம் நடக்கிற வரைக்கும் அவர் இருப்பார். வேதியியல் படித்தவளின் புத்தி இது.

"அப்போ பரவால்லேன்னு அர்த்தம்" என்றார் அவர். ஆட்டோவில் வரும்போது கொஞ்சம் உற்சாகமாகக் கூட இருந்தார். ஒன்பது நாள் அப்படியே நடந்தது. காலையில் ஒரு பை, மத்தியானம் ஒரு பை. எனக்கு அளவில் தப்பு வராது என்று அவருக்குத் தெரியும், ஆகையால் எதிர்த்துக் கேட்கவே இல்லை. ஐந்தாவது நாள் ஒருமுறை மட்டும், "இன்னிக்கு மட்டும் ஒரு வாய் கூடக் குடேன்" என்றார். கொடுக்கவில்லை. "நாளைக்குக் காலம்பற" என்றேன். சரி என்று தலையாட்டி, காலிப் பையை வழக்கம்போல் அழுத்தி மூடினார்.

பத்தாவது நாள் விடிந்ததும் மூச்சு ஒரு தினுசாக இழுத்தது. எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டேன். மாமி பார்த்ததும் நேரே பூஜை அலமாரிக்குப் போய், என் மாமனார் காசியிலிருந்து கொண்டுவந்திருந்த கங்கைச் சொம்பை எடுத்தார். ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பு. அரிவாள்மணை நுனியால் நெம்பித் திறந்து, ஒரு ஸ்பூனை என் கையில் கொடுத்தார்.

"விடும்மா வாயில. நீதான் விடணும்."

முதல் ஸ்பூன் உள்ளே இறங்கியது. தொண்டை அசைந்ததைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு உதட்டைக் கொஞ்சம் பிரித்தார். இன்னும் வேண்டும் என்கிறார். கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. இரண்டாவது ஸ்பூன் பாதி இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்துவிட்டது. நான் ஸ்பூனைப் போட்டுவிட்டுச் சொம்பைச் சாய்த்து விட்டுக்கொண்டே இருந்தேன். கழுத்து, பனியன், தலையணை எல்லாம் நனைந்தது.

"போறும்மா. அவர் போயிட்டார்" என்று மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இல்லை மாமி, குடிக்கறார். அவருக்குத் தாகம்" என்றேன்.