பிளஸ்ஸில் பிடித்த ஒட்டு

என் மனைவி நிவேதனா நீர்வேலியில் வெல்டிங் பட்டறை நடத்துபவள். எவரிடமும் வேலை பழகியவள் அல்லள். கெட்டுப்போன ஒட்டுகளை அறுத்துப் பார்த்தே கற்றவள். கடந்த ஆவணியில் அவளை ஏமாற்றுக்காரி என்று ஊர் பேசியது. அது பொய் என்பதை இங்கே ஒழுங்காகப் பதிகிறேன்.

வாழைத்தோட்டக்காரர் ஏரம்புவின் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் இழுக்கும் பெட்டிக்கு அவள் ஒட்டிக் கொடுத்த இழுவைச் சட்டம், குலைகளோடு போகும் வழியில் கழன்று விழுந்தது. ஏரம்பு நேரே சந்தைக்குப் போய், "மலிஞ்ச கம்பியாலை ஒட்டி எங்களைப் பேய்க்காட்டிறாள்!" என்று கத்தினார். நல்ல வெல்டிங் கம்பி வாங்கிய பற்றுச்சீட்டை நான் கொண்டுபோய் நீட்டினேன்.

"சீட்டு உடையேல்லைத் தம்பி, சட்டமெல்லோ உடைஞ்சது" என்றார்.

சந்தை சிரித்தது. அதன்பின் பட்டறைக்கு எவரும் வரவில்லை.

நிவேதனா உடைந்த ஒட்டை அறுத்துப் பார்த்தாள். மேலே வடிவான ஒட்டு. அடியில் இரும்பு உருகவேயில்லை. எங்கள் பழைய மெஷினில் இரண்டு கேபிள்களை எப்படிச் செருகினாலும் ஒன்றுதான். அண்மையில் வாங்கிய இன்வேட்டர் மெஷின் அப்படியல்ல. வாசல் கேற்றுகளின் மெல்லிய தகட்டில் ஓட்டை விழாதிருக்க, விற்றவர் சொன்னபடி, கம்பி பிடிக்கும் கேபிளை மைனஸில் செருகியிருந்தோம். பழைய பழக்கத்தில் தடித்த சட்டத்துக்கும் அதை மாற்றவில்லை. இப்போது அவள் அதைப் பிளஸ்ஸில் செருகி, அதே கம்பியால் ஒரு துண்டை ஒட்டி அறுத்தாள். உருகல் ஆழமாக இறங்கியிருந்தது.

இரண்டு விதமாகவும் புதிதாகத் துண்டுகள் ஒட்டி, ஏரம்புவை அழைத்துச் சம்மட்டியைக் கொடுத்தாள்.

"உங்கடை கையாலையே அடியுங்கோ அண்ணை."

மைனஸில் ஒட்டியது ஓரடியில் பிரிந்தது. மற்றது வளைந்தது, உடையவில்லை. ஏரம்புவுக்கு மூச்சு வாங்கியது.

"இது வேறை கம்பியோ பிள்ளை?"

"உங்கடை சட்டத்துக்குப் போட்ட அதே கம்பி. பிழை கம்பியிலை இல்லை, கேபிளிலை. சட்டத்தைத் திருப்பி ஒட்டித் தாறன். ஆனால், கத்தின இடத்திலையே நீங்களும் திருப்பிக் கத்தவேணும்."

"ஓம், கத்திறன்."

சந்தையில், குலை நிறைந்த பெட்டியின் திருப்பி ஒட்டிய இழுவைச் சட்டத்தில் ஏறி நின்று ஏரம்பு குதித்தார். "கம்பி நல்ல கம்பி! நான் சொன்னது பொய்! சட்டம் அசையுதோ எண்டு பாருங்கோ!"

"காணும், இறங்கு! சட்டம் நிக்கும், உன்ரை முழங்கால் நிக்காது!" என்றார் ஒருவர்.

சந்தை மறுபடி சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன். அன்று பின்னேரமே பட்டறை வாசலில் பெட்டிகள் வரிசையாக நின்றன. நிவேதனா கேபிளைப் பிளஸ்ஸில் இறுக்கிவிட்டு, முகமூடியை இறக்கினாள்.