இறங்கிக்கொண்டே வந்த இடது கை

ஸ்டூலக்கா பயந்த சுபாவம் உள்ளவள். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். லிஃப்டில் ஏற மாட்டாள். வழியில் நாய் படுத்திருந்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவாள். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போவாள். அப்படிப்பட்டவள் பதினேழு வருடமாக எங்கள் தொழிலாளர் லீக்கின் கால்பந்து ஆட்டங்களைப் பக்கக்கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் வெளியே உட்கார்ந்து படம் எடுத்துவருகிறாள். மடக்கு ஸ்டூல் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவதால் ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

லீக்கின் ஆட்டப் பதிவேட்டை எழுதுகிறவன் நான். இந்தப் பதினேழு வருடத்தில் பந்து அவள்மேல் பட்டது ஆறு முறை. சேதம்: பல் ஒன்று, லென்ஸ் மூடி இரண்டு. பல் போன அன்று கேட்டேன்: "இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு எதுக்கும்மா இந்த வேலை?"

"கேமரா கண்ணுல இருக்கறப்ப பயம் தெரியாது சார். எடுத்ததுக்கப்புறம்தான் கை நடுங்கும். அதுக்குள்ளதான் படம் எடுத்தாச்சே."

தொழிலை அவள் கற்றது அப்பாவின் ஸ்டுடியோவில். பதினாறு வயதிலிருந்து பாஸ்போர்ட் படம் எடுத்தாள். தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தால் அலுவலகங்களில் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால், சரிந்த தோள் கண்ணில் பட்டதும் படத்தைக் கிழித்துப் போடுவது அங்கே விதி. அந்த விதி அவள் விரலில் ஊறிப்போயிருந்தது.

கால்பந்துக்கு அவள் வந்த காரணம் தம்பி. அவளைவிட ஒன்பது வயது இளையவன். பஸ் பணிமனையில் மெக்கானிக், பணிமனை அணிக்குக் கோல்கீப்பர். அவனுக்குப் பட்டப் பெயர் பூட்டு. எதிரணி ரசிகர்கள் "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சுடோய்!" என்று கத்துவார்கள். சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய அக்கா இன்னும் கையை எடுக்கவில்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அதில் பொய்யில்லை. மற்ற படக்காரர்கள் கோல் விழக்கூடிய பக்கமாக உட்காருவார்கள். பணிமனை ஆடும் நாட்களில் இவள் மட்டும் தம்பி நிற்கும் பக்கம் உட்காருவாள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் ஸ்டூலும் மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம்பிக்கு அடிபட்டுவிட்டது என்று அவள் இதற்கு முன் மூன்று முறை ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். மூன்றும் என் பதிவேட்டில் இருக்கின்றன. ஒன்று தசைப்பிடிப்பு. ஒன்று கண்ணில் மண். மூன்றாவது முறை அவன் கொட்டாவி விட்டிருந்தான். அதனால் நாலாவது முறை அவள் வாயைத் திறந்தபோது 'புலி வருது' கதைதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. முக்கியமாக அவளுக்கே.

அன்று லீக்கின் கடைசி ஆட்டம். பணிமனைக்கு அச்சக அணியோடு மோதல். தோற்காமலிருந்தால் போதும், பணிமனை மேல்பிரிவுக்குப் போய்விடும். மாற்றுக் கோல்கீப்பர் மணிக்கட்டு முறிந்து வீட்டில் இருந்தான். ஆட்டம் 4.02க்குத் தொடங்கியது. 4.25க்கு ஒரு கார்னரில் பூட்டு பந்தைப் பிடிக்கத் தாவினான். அச்சக அணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவனுடைய வலது நெற்றிப்பொட்டில் இடித்தது. ஆட்டம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி நின்றது. பூட்டு எழுந்து உட்கார்ந்தான். நடுவர் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார், எண்ணினான். ஸ்டூலக்கா கேமராவை இறக்கிவிட்டு எழுந்து நின்றதை என் மேஜையிலிருந்து பார்த்தேன். பூட்டு அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்: 'உக்காரு.' உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தோராவது நிமிடத்தில் பணிமனை ஒரு கோல் போட்டது. இடைவேளை 4.48.

இடைவேளையில் நடந்ததை அவள் பிறகு சொன்னபடி எழுதுகிறேன். கேலரிக்குப் பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, கேமராவின் திரை தெரிவதற்காகத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, வேண்டாத படங்களை அழிக்கத் தொடங்கினாள். இது அவளுடைய வழக்கம். முதல் பாதியில் 412 படங்கள். பந்து இல்லாதது, கலங்கியது, முதுகு காட்டியது எல்லாம் போயின. தம்பியின் படங்கள் வந்தன. கோல் கிக்குக்கு முன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தன் ஆட்களை முன்னால் போகச் சொல்வது அவன் பழக்கம். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தப் படங்களில் கோணலாக நின்றான். தோள் சரிந்திருந்தது. அழித்தாள். அடுத்ததும் சரிந்திருந்தது. அழித்தாள். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் அழுத்தியது.

இருபதாவது படத்தில் விரல் நின்றுவிட்டது.

ஒரே காரணத்துக்காக இத்தனை படங்களை அழிக்கிறோமே என்று தோன்றியதாம். பின்னோக்கித் தள்ளினாள். அடிபடுவதற்கு முன் எடுத்தவற்றில் இரண்டு கையுறைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. அடிபட்ட பின் எடுத்தவற்றில் அவளிடம் மிஞ்சியவை இரண்டே இரண்டு. முதலாவதில் இடது கையுறை காதளவில் இருந்தது. இரண்டாவதில், அதற்குப் பத்து நிமிடம் கழித்து, நெஞ்சளவில் இருந்தது. நடுவில் இருந்த பத்தொன்பதும் போய்விட்டன. துண்டுக்குள் மூச்சு முட்டியது.  'கொட்டாவி, கொட்டாவி' என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்போது இரண்டாம் பாதிக்கான விசில் கேட்டது. மணி 5.03.

முதலில் ஓடியது கோச்சிடம்.

"அக்கா, தயவு செஞ்சு போய் உக்காருங்க. அவனுக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் தண்ணி குடிச்சான், ஜோக்கு கூட அடிச்சான்."

"என்ன ஜோக்கு?"

"அது... உங்களப் பத்திதான்."

"எந்தக் கையால தண்ணி குடிச்சான்?"

"அதையெல்லாமா பாத்துக்கிட்டு இருப்பாங்க? தும்மினா ஆம்புலன்ஸ் கூப்பிடற ஆளாச்சே நீங்க! இன்னிக்கு அவன வெளிய எடுத்தா கோலுக்கு யாரு நிப்பா, நானா?"

அங்கிருந்து என் மேஜைக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கேமராவை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் கை நடுங்கியதில் எனக்குப் படமே தெரியவில்லை. மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது ஒரு கோல்கீப்பர் சோம்பல் முறிப்பது போலத்தான் இருந்தது.

"சார், தம்பி பந்த எறியறத நீங்க எழுதறீங்கல்ல?"

எழுதுகிறேன். கோல்கீப்பர் பந்தைக் கையால் எறிந்தானா, உருட்டினானா, உதைத்தானா என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். லீக் கேட்டதல்ல, என் பழக்கம். விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தேன். 4.25 வரை எறிந்தது ஏழு, ஏழும் இடது கையால். அவன் இடக்கைக்காரன். அதற்குப் பிறகு உதைத்தது ஐந்து, உருட்டியது மூன்று, எறிந்தது ஒன்றுமில்லை. அத்தனையும் என் கையெழுத்து. எழுதியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 

"இது கொட்டாவி இல்லம்மா" என்றேன்.

"தப்பா இருந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் மைதானத்தில் கூச்சல் எழுந்தது. அச்சக அணி அடித்த பந்து பூட்டுக்கு இடது பக்கமாக உருண்டு வந்தது. குழந்தை கூடத் தடுத்துவிடும் வேகம். அவன் குனிந்தான். பந்து அவன் இடது கைக்குக் கீழே புகுந்து வலைக்குள் போனது. 5.09. ஒன்றுக்கு ஒன்று. "துருப்பிடிச்ச பூட்டு! எண்ண ஊத்துங்கடோய்!" என்று ஒரு கூட்டம் கை தட்டியது. கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆளை மாற்றுவதற்கு நடுவரைக் கூப்பிடும் கொடி என் மேஜையில் உண்டு. அதைத் தூக்கி ஆட்டினேன். அவர் பந்தை நடுவில் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியது. நடுவர் அனுமதி இல்லாமல் கோட்டைத் தாண்டும் படக்காரருக்கு அனுமதிச் சீட்டு பறிபோகும். பதினேழு வருடத்தில் உருண்டு வந்த பந்தை எடுத்துக் கொடுப்பதற்குக் கூட ஸ்டூலக்கா அந்தக் கோட்டை மிதித்ததில்லை. கேமராவை என் மேஜையிலேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். ஓடினால் விழுந்துவிடுவோம் என்று பயந்தாளாம். ஆட்டக்காரர்கள் அவளைச் சுற்றி ஓடினார்கள். ஒரு பந்து அவள் தலைக்கு மேல் போனது. அவள் குனியவில்லை.

விசில் ஊதிக்கொண்டே நடுவர் ஓடி வந்தார். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"அம்மா, என்ன இது? வெளிய போங்க!"

"அக்கா!" பூட்டின் முகம் சிவந்துவிட்டது. "மானத்த வாங்காத. போயிடு."

"போறேன்டா. ரெண்டு கையையும் மேல தூக்கு. தூக்கிட்டா போயிடறேன். இனிமே கிரவுண்டு பக்கமே வரமாட்டேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுக் கைகளைத் தூக்கினான். வலது கை தலைக்குமேல் போனது. இடது கை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது.

"போதுமா?"

"இன்னொரு கை?" என்றாள்.

"ரெண்டும் மேலதான இருக்கு? கண்ணு தெரியலயா உனக்கு?"

சிரித்துக்கொண்டிருந்த கேலரி ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கோச் வந்து அந்த இடது கையைப் பிடித்தார். விட்டதும் அது தொப்பென்று விழுந்தது. தன் கை விழுந்ததைப் பூட்டு கவனிக்கவே இல்லை. அக்காவையே முறைத்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது 5.34. வண்டியில் ஏற்றியபோது பேசிக்கொண்டு வந்தவன் பாலத்தைத் தாண்டியதும் வாந்தி எடுத்தான். பிறகு கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அவள் அவனுடைய காலணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கையைத் தொடப் பயமாக இருந்தது என்றாள்.

"எப்ப அடிபட்டுச்சு? சுமாரா சொல்லுங்க, போதும்" என்றார் டாக்டர்.

"நாலு இருபத்தஞ்சு" என்றேன்.

மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது, உடனே திறக்க வேண்டும் என்றார். கதவு மூடிக்கொண்டது. 6.10.

அந்த நடைபாதையில் ஒரு பெஞ்சு, மூன்று நாற்காலி, ஒரு கடிகாரம். கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. ஸ்டூலக்கா உட்காரவில்லை. உள்ளே எந்தக் கருவியாவது கீழே விழுந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். யாராவது கதவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சேதி வந்துவிடுமோ என்று. தம்பியின் மனைவி வேலைக்குப் போன உடுப்போடு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, நீங்க பாத்ததாலதான்..."

"நான் பாக்கலடி. பத்தொன்பது படத்துல அவன் எனக்குக் காட்டினான். பத்தொன்பதையும் அழிச்சேன். படம் நல்லால்லன்னு அழிச்சேன். என் தம்பி கோணலா நிக்கறானேன்னு கோவம் வேற பட்டேன்."

 எனக்கும் பதிவேட்டில் நான் எழுதிய அந்த எட்டு வரிகள், ஐந்து உதை, மூன்று உருட்டல், கண்ணுக்குள் நின்றன.

8.05க்கு டாக்டர் வெளியே வந்து ரத்தக்கட்டியை எடுத்துவிட்டோம், மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். அந்த மூன்று நாளும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அவன் கண் திறந்து, தாகமாக இருக்கிறது என்றான்.

ஆட்டத்தில் பணிமனை ஒன்றுக்கு நாலு என்று தோற்றது. கையுறை மாட்டியவர் ஒரு தடுப்பாட்டக்காரர். மேல்பிரிவு கைநழுவியது. கோட்டைத் தாண்டியதற்காக லீக் அவளுடைய அனுமதிச் சீட்டை அடுத்த பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பறித்துவைத்தது. விதி விதிதான், அந்தக் கடிதத்தை எழுதியவனும் நான்தான். படித்துப் பார்த்து, "தேதி தப்பு சார்" என்று சொல்லித் திருத்த வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தாம் நாள் நான் வார்டுக்குப் போனபோது பூட்டு தலைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அக்காவோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. இனி ஆடவே கூடாது என்று டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார்.

"எல்லாம் உன்னாலதான். ரெண்டாவது கோல விட்டிருக்கவே மாட்டேன். கைய தூக்கினேன், எல்லாரும் பாத்தாங்க. நீ எதையோ பாத்துப் பயந்து..."

அவள் வாதாடவில்லை. கேமராவைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். இருந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். நெருங்கி வந்து பார்த்தான். வலது கையால் இடது கையுறையைத் திரையில் தொட்டான். பிறகு போர்வைமேல் கிடந்த தன் கையைப் பார்த்தான். வார்டில் யாரோ தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, தூக்கிட்டேன்னுதான் நெனச்சேன்" என்றான். அவன் குரல் பள்ளிக்கூடப் பையனின் குரலாக மாறியிருந்தது. "நெஜமாவே மேல இருக்குன்னுதான் நெனச்சேன்."

"தெரியும்டா."

"வேற எதெல்லாம் அந்த மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்கேன் இப்ப?"

   முப்பத்தைந்து வயதில், எனக்குத் தெரிந்து, அவன் முதல் முறையாகப் பயந்தது அன்றுதான்.

"கொஞ்ச நேரம் இங்கயே உக்காரேன்" என்றான்.

அவள் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.